சராசரிக்குள் மறையும் கடைமடை
செயலி முறிவுக் கணக்கைச் சங்கத்தார் படிக்கும் முறை

மதுரைக்கு வடகிழக்கே, மேலூர் வட்டத்தில் உள்ள திருவாதவூர், மாணிக்கவாசகர் பிறந்த ஊர் என்று நாடறிந்தது. அந்தப் பக்கத்து உழவர் பெருமக்களுக்கோ வேறொரு பாடமும் பரம்பரையாகத் தெரியும். பெரியாற்றுக் கால்வாயில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தவுடன் அவர்கள் மகிழ்ந்துவிடுவதில்லை. "தலைமடையில் எவ்வளவு?" என்று கேட்பதும் இல்லை. "கடைமடைக்கு வந்து சேர்ந்ததா?" என்பதே அவர்கள் கேட்கும் கேள்வி.

அந்தக் கேள்விக்குக் காரணம் உண்டு. பேரணையிலிருந்து கள்ளந்திரி வரையில் உள்ள பாசனப் பகுதியை இருபோகம் என்றும், அதற்குக் கீழே மேலூர்ப் பகுதியை ஒருபோகம் என்றும் வகுத்திருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து ஒருவர் சராசரி கண்டால், போகம் ஒன்றேகால் என்றோ ஒன்றரை என்றோ விடை வரும். ஆனால் ஒன்றேகால் போகம் விளைகின்ற வயல் எந்த ஊரில் இருக்கிறது? சராசரி என்பது ஏட்டில் பிறந்து ஏட்டிலேயே வாழ்வது. வயலில் இருப்பவை தலைமடையும் கடைமடையுமே.

இந்தப் பழைய பாடத்தை ஒரு புதிய காரியத்துக்குப் பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புதிய கணக்கு

இன்று சங்கங்களின் வேலை கணினிக்கும் கைப்பேசிக்கும் மாறி வருகிறது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் 63,000-ஐக் கணினிமயமாக்க ரூ.2,516 கோடித் திட்டம் ஒன்றை மத்திய அமைச்சரவை 2022 ஜூன் 29-இல் ஏற்றுக்கொண்டது. நமது மாநிலத்தில் உழவர்களுக்கென்று 'உழவன்' என்னும் கைப்பேசிச் செயலி 2018-இல் வெளிவந்தது. கடன் பாக்கி, பங்குத் தொகை, நூல் வரவு, கூலி நிலுவை ஆகியவற்றை அங்கத்தினர் தம் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளும் வசதியை இன்று பல ஸ்தாபனங்கள் விரும்புகின்றன. விரும்பத்தக்கதுதான்.

ஆனால் செயலி என்பது சில வேளைகளில் நடுவிலே முறிந்துபோகும். திரையில் ஏதோ ஒன்றைத் தொட்டவுடன் அது தானாக மூடிக்கொள்ளும். இளைஞர்கள் இதனைக் 'கிராஷ்' என்கிறார்கள். நாம் இதனை முறிவு என்று குறிப்போம். இன்னும் சில வேளைகளில் மூடிக்கொள்ளாமல், தொட்டாலும் அசையாமல் உறைந்து நிற்கும். செயலியைச் செய்து தருவோர் இவ்விரண்டுக்கும் மாதந்தோறும் கணக்குத் தருவார்கள். "முறிவு விகிதம் ஒரு சதவிகிதமே" என்று ஒரு வரி அதில் இருக்கும். நிர்வாகக் குழு அதனைக் கேட்டுத் தலையசைத்துவிட்டு அடுத்த பொருளுக்குச் செல்லும்.

அங்கேதான் பிழை நேருகிறது. அந்த ஒரு வரியை நம்பிக் கைப்புத்தகத்தையும் பேரேட்டையும் நிறுத்திவிட்டால், செயலி திறவாத கைப்பேசியை வைத்திருக்கும் அங்கத்தினருக்குச் சங்கத்தின் கதவே மூடிக்கொண்டதாகும்.

தறியிலிருந்து ஒரு சான்று

நெசவாளர்களுக்கு இது புதிய விஷயம் அன்று. பாவில் இழை அறுவதும் செயலி முறிவதும் ஒரே இனம். இரண்டிலும் வேலை நின்றுபோகிறது. ஒருவர் குனிந்து முடிச்சிட வேண்டியிருக்கிறது.

எல். எச். சி. டிப்பெட் என்பவர் ஆங்கில நாட்டின் பருத்தி ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த புள்ளியியல் அறிஞர். அவர் 1950-இல் வெளியிட்ட நூலில் பாவு இழை அறுதலைப் பற்றிய கணக்கு ஒன்று இருக்கிறது. உலகெங்கும் புள்ளியியல் மாணவர்கள் இன்றும் பயிலும் கணக்கு அது. இருவகைக் கம்பளி நூல்; அவற்றை 'அ' என்றும் 'ஆ' என்றும் கொள்வோம். பாவின் இழுப்பு மூன்று நிலை: தளர்வு, நடுத்தரம், விறைப்பு. ஒவ்வொரு சேர்க்கைக்கும் 9 தறிகள், ஆக மொத்தம் 54. ஒவ்வொரு தறியிலும் ஒரே குறிப்பிட்ட நீள நூலுக்கு எத்தனை இழை அறுந்தது என்று எண்ணப்பட்டது.

மொத்தமாகப் பார்த்தால், 'அ' நூலில் தறிக்குச் சராசரி 31 அறுதல். 'ஆ' நூலில் 25. ஆகவே 'ஆ' நூலே நல்லது என்று ஒருவர் தீர்மானம் எழுதிவிடலாம். ஆனால் இழுப்பு வாரியாகப் பிரித்துப் பாருங்கள். தளர்ந்த பாவில் 'அ' 44.6, 'ஆ' 28.2. விறைத்த பாவில் 'அ' 24.6, 'ஆ' 18.8. நடுத்தர இழுப்பிலோ 'அ' 24.0, 'ஆ' 28.8. அதாவது, நடுத்தர இழுப்பில் தறி ஓட்டுபவருக்கு, மொத்தக் கணக்கில் தோற்ற நூலே குறைவாக அறுந்திருக்கிறது! 'அ' நூலுக்கு வந்த கெட்ட பெயரில் பெரும்பங்கு தளர்ந்த பாவினால் வந்தது.

நூல் நல்லதா என்று கேட்பது அரைக் கேள்வி. யாருடைய தறியில், எந்த இழுப்பில் என்று சேர்த்துக் கேட்பதே முழுக் கேள்வி. செயலிக்கும் அப்படியே. யாருடைய கைப்பேசியில், எந்தப் பதிப்பில், எந்த மொழியில், எந்த அலைவரிசைச் சூழலில் என்று பிரித்துக் கேட்டால்தான் கணக்கு வாய் திறக்கும்.

வகுத்தல் எதனால்?

முறிவுகள் எத்தனை என்பதை அறிந்துவிட்டோம். அதனை எதனால் வகுப்பது? இது முதற் கேள்வி.

100 அங்கத்தினர் நாளொன்றுக்குப் பத்துப் பத்து முறை செயலியைத் திறப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,000 திறப்பு. அவற்றில் 30 முறிவு. திறப்புக் கணக்கில் இது 3 சதவிகிதம். ஆனால் அந்த முப்பதும் மூவர் கைப்பேசியில் மட்டும் பத்துப் பத்தாக நேர்ந்திருந்தால், பாதிக்கப்பட்டவர் 3 பேர். அந்த மூவருக்குச் செயலி அடியோடு இல்லை. முப்பது பேருக்கு ஒவ்வொன்றாக நேர்ந்திருந்தால், பாதிக்கப்பட்டவர் 30 பேர்; ஆனால் எவருக்கும் வேலை கெடவில்லை. எண் ஒன்று, நோய் இரண்டு. மருந்தும் இரண்டு.

ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்குச் செயலி வழங்கும் கூகுள் பிளே, ஆட்களைக் கொண்டே வகுக்கிறது. ஒரு நாளில் செயலியை உபயோகித்தவர்களுள், கண்ணெதிரே ஒரு முறையேனும் முறிவு கண்டவர் எத்தனை சதவிகிதம் என்று பார்க்கிறது. அது 1.09 சதவிகிதத்தை மீறினாலும், உறைந்து நிற்றல் 0.47 சதவிகிதத்தை மீறினாலும், அச்செயலி கடையில் எளிதில் கண்ணுக்குப் படாதவாறு பின்னுக்குத் தள்ளப்படலாம். கவனிக்கத்தக்கது அடுத்த விதி. 2022-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து, கைப்பேசி மாதிரி வாரியாகவும் ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள். ஏதேனும் ஒரு மாதிரிக் கைப்பேசியில் மட்டும் 8 சதவிகிதத்தை மீறினாலும், அந்தக் கைப்பேசி உடையோருக்கு அச்செயலி பின்தள்ளப்படும். சில வேளை எச்சரிக்கையும் காட்டப்படும். மொத்தச் சராசரி போதாது, கடைமடையையும் தனியே அளக்க வேண்டும் என்பதை அந்தப் பெரிய வர்த்தக ஸ்தாபனமே ஒப்புக்கொண்டதாயிற்று.

ஏறினால் தீமையா? இறங்கினால் நன்மையா?

இனி, கற்பனைச் சங்கம் ஒன்றின் மூன்று மாதக் கணக்கைப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நாம் அமைத்தவை.

சித்திரையில் புதிய கைப்பேசி உடையோர் 800 பேர்; அவர்களுள் முறிவு கண்டவர் 8, அதாவது 1 சதவிகிதம். பழைய கைப்பேசி உடையோர் 200 பேர். முறிவு கண்டவர் 20, அதாவது 10 சதவிகிதம். சங்கம் முழுவதற்கும் 1,000 பேரில் 28, ஆகவே 2.8 சதவிகிதம்.

வைகாசியில் செயலியைச் செப்பனிட்டார்கள். ஊர் ஊராகச் சென்று பழைய கைப்பேசி வைத்திருப்போரையும் சேர்த்தார்கள். புதிய கைப்பேசி 800 பேரில் முறிவு 6; விகிதம் 0.75. பழைய கைப்பேசி 700 பேரில் முறிவு 56, விகிதம் 8. இரு வகுப்பாருக்கும் நிலைமை சீர்பட்டிருக்கிறது. ஆனால் மொத்தம் 1,500 பேரில் 62, விகிதம் 4.1 ஆக ஏறிவிட்டது! மொத்தத்தை மட்டும் பார்க்கும் நிர்வாகக் குழு, நல்ல வேலை செய்த ஊழியரைக் கடிந்துகொள்ளும்.

ஆனியில் ஒரு புதிய பதிப்பு வந்தது. அது பழைய கைப்பேசிகளுக்குப் பாரமாக இருந்தது. 700 பேரில் 650 பேர் சலித்துப்போய்ச் செயலியை நீக்கிவிட்டார்கள். எஞ்சிய 50 பேரில் முறிவு 6, விகிதம் 12. புதிய கைப்பேசி 800 பேரில் முறிவு 8, விகிதம் 1. இரு வகுப்பாருக்கும் நிலைமை கெட்டுவிட்டது. மொத்தமோ 850 பேரில் 14, விகிதம் 1.6 ஆக இறங்கிவிட்டது! மூன்று மாதத்தில் இதுவே சிறந்த மாதம் என்று அறிக்கை எழுதப்படும். 650 அங்கத்தினரை இழந்த மாதத்துக்குப் பாராட்டுத் தீர்மானம் நிறைவேறும்.

பகுதிகள் ஒன்று சொல்ல, மொத்தம் எதிர்மாறாகச் சொல்லும் இத்தகைய முரண்பாட்டை எட்வர்டு சிம்சன் என்ற புள்ளியியல் அறிஞர் 1951-இல் எடுத்து விளக்கினார். அவர் பெயராலேயே அது வழங்குகிறது.

திரும்பி வராதவர்கள்

ஆனி மாதத்து 650 பேர் எந்த முறிவுக் கணக்கிலும் இல்லை. இல்லாதவரைப் பற்றிச் சிந்திக்க நமக்குக் கற்றுத் தந்தவர்களுள் ஒருவர் ஆபிரகாம் வால்டு.

இரண்டாம் உலக யுத்த காலத்தில், நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த புள்ளியியல் ஆராய்ச்சிக் குழுவில் அவர் இருந்தார். போருக்குச் சென்று திரும்பிய விமானங்களில் எங்கெங்கே குண்டு துளைத்திருக்கிறது என்ற கணக்கு அவர் கைக்கு வந்தது. துளை மிகுந்த இடத்தைப் பலப்படுத்துவது என்பதே மேலோட்டமான யோசனை. வால்டு வேறு விதமாகச் சிந்தித்தார். இவை திரும்பி வந்த விமானங்கள். இந்த இடங்களில் அடிபட்டும் இவை பிழைத்தன. திரும்பியவற்றில் துளை காணப்படாத இடங்களிலே அடிபட்டவை திரும்பவே இல்லை போலும்! ஆகவே துளை இல்லாத இடத்தையே காக்க வேண்டும். இத்தகைய கணக்குக்குரிய முறைகளை 1943-இல் அவர் எழுதிவைத்தார்.

அந்த அறிஞரின் முடிவு நமது மண்ணிலேயே நேர்ந்தது. இந்தியாவில் சொற்பொழிவாற்ற வந்திருந்த அவர், 1950 டிசம்பர் 13-இல் நீலகிரி மலையில் விமானம் மோதியதால் மனைவியோடு உயிர் நீத்தார். திரும்பி வராத விமானங்களைப் பற்றிச் சிந்தித்தவர், திரும்பி வராத ஒரு விமானத்திலேயே போய்விட்டார்.

அவர் சிந்தனை செயலிக் கணக்குக்கு அப்படியே பொருந்தும். கூகுள் பிளே தரும் முறிவுக் கணக்கு, தம் கைப்பேசியின் விவரங்களை அனுப்ப இசைவு தந்தவர்களிடமிருந்து மட்டுமே திரட்டப்படுகிறது. இசையாதவர் அதில் இல்லை. செயலியை நீக்கியவர் அடுத்த மாதக் கணக்கில் இல்லை. செயலியை ஏற்றிக்கொள்ளவே இடமில்லாத கைப்பேசி உடையவர் எக்காலத்தும் இல்லை. நினைவகம் சிறிதான கைப்பேசியில், இடப் பற்றாக்குறையால் கைப்பேசியே செயலியை நிறுத்திவிடுவதும் உண்டு. அங்கத்தினர் கண்ணுக்கு அதுவும் முறிவே. முறிவுக் கணக்கில் அது சேர்வதில்லை. ஆகவே "முறிவு இல்லை" என்பதற்கு "முறிய ஆள் இல்லை" என்றும் பொருள் இருக்கக்கூடும்.

குற்றம் யாருடையது?

பிரித்துப் பார்ப்பதில் இன்னொரு பயன், காரணம் விளங்குவதாகும்.

2018 பிப்ரவரியில் ஐபோன் கைப்பேசிகளில் ஒரு விந்தை நேர்ந்தது. ஒரு குறிப்பிட்ட தெலுங்குக் கூட்டெழுத்து செய்தியில் தோன்றினால், செய்திச் செயலிகள் முறிந்து விழுந்தன. அவ்வெழுத்தைக் காணாத கோடிக்கணக்கானோருக்குக் குறையே இல்லை. அவ்வெழுத்து புழங்கிய இடத்திலோ செயலி முறிந்தது. அதே மாதத்தில் 11.2.6 என்னும் பதிப்பு வெளிவந்து அதனைச் சீராக்கியது. உலகச் சராசரியில் இத்தகைய குறை எங்கே தெரியும்? மொழி வாரியாகப் பிரித்தால் உடனே தெரியும். நமது சங்கத்திலும் தமிழில் உபயோகிப்போர் கணக்கும் ஆங்கிலத்தில் உபயோகிப்போர் கணக்கும் தனித்தனியே வேண்டுவது இதனாலேயே.

மற்றொன்று 2021 மார்ச்சில் நேர்ந்தது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் ஜிமெயில் முதலிய பல செயலிகள் ஒரே நாளில் முறிந்தன. அவரவர் தத்தம் செயலியைப் பழித்தனர். குற்றமோ அச்செயலிகள் அனைத்துக்கும் அடியிலே இருந்த 'வெப்வியூ' என்னும் பொதுப் பகுதியினுடையது. ஒரே ஊரில் பல தறிகளில் ஒரே நாளில் இழை அறுந்தால், நெசவாளர் தம் கையைக் குறை கூறுவாரா? நூல் வந்த மூட்டையைப் பார்ப்பார். ஒரே ஒரு தறியில் அறுந்தால் அந்தத் தறியின் அச்சையும் விழுதையும் பார்ப்பார். அதே அறிவுதான் இங்கும் வேண்டுவது.

அவசரமும் கூடாது

பிரிப்பதிலும் ஓர் அளவு உண்டு. மிகச் சிறிய வகுப்பாகப் பிரித்துவிட்டால் எண்கள் ஆட்டம் போடும். ஒரு மாதிரிக் கைப்பேசியை நால்வர் மட்டும் வைத்திருக்க, அவர்களுள் ஒருவருக்கு முறிவு நேர்ந்தால் 25 சதவிகிதம் என்று கணக்கு அலறும். அதனைக் கொண்டு தீர்மானம் செய்யலாகாது. மறுபுறம், முப்பது பேரில் ஒருவருக்கும் முறிவு நேரவில்லை என்றால் அதுவும் பூரணச் சான்று ஆகாது. அறிஞர்கள் இதற்கு ஓர் எளிய வழி சொல்கிறார்கள். மூன்றை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்க வேண்டும். 3-ஐ 30-ஆல் வகுத்தால் பத்தில் ஒரு பங்கு. உண்மையான விகிதம் 10 சதவிகிதம் வரையிலும் இருக்க இடமுண்டு என்பது அதன் பொருள். 300 பேரில் ஒருவருக்கும் நேரவில்லை என்றால் எல்லை 1 சதவிகிதமாகச் சுருங்கும். சிறிய வகுப்பின் எண்ணைக் கண்டால் உடனே தீர்ப்பு எழுதாமல், அந்த நால்வரையும் நேரில் சென்று காண்பதே முறை. கூட்டுறவுச் சங்கத்துக்கு இது எளிது; அங்கத்தினர் வீடு நமக்குத் தெரியும்.

எண்ணுக்குப் பின்னால் மனிதர்

இவ்வளவும் வெறும் கணக்கு வித்தை என்று எண்ண வேண்டாம். 2016–17-ஆம் ஆண்டின் மத்திய அரசுப் பொருளாதார ஆய்வறிக்கை, ஆதார் சரிபார்ப்புத் தோல்வி பற்றிய மதிப்பீடுகளை எடுத்துக் கூறியது. ஜார்க்கண்டில் 49 சதவிகிதம், ராஜஸ்தானில் 37, குஜராத்தில் 6, ஆந்திரத்துக் கிருஷ்ணா மாவட்டத்தில் 5. நாடு ஒன்று, ஏற்பாடு ஒன்று. விளைவோ இடத்துக்கு இடம் இத்தனை வேறுபாடு. நான்கையும் கலந்து ஒரு சராசரி கண்டிருந்தால், ஜார்க்கண்டில் அரிசிக்கு நின்றவரின் நிலை யாருக்குத் தெரிந்திருக்கும்? முதுமையாலும் உடலுழைப்பாலும் விரல் தேய்ந்தவர்களுக்குக் கைரேகை எளிதில் பதிவதில்லை. இழை பிடித்த விரலும் நாற்று நட்ட விரலுமே அவ்வாறு தேய்ந்தவை.

செயலி முறிவிலும் அதுவே நடக்கிறது. பழைய கைப்பேசி யாரிடம் இருக்கிறது? மகன் உபயோகித்துக் கழித்ததைத் தாய் வைத்திருக்கிறாள். தார் சுற்றும் மூதாட்டியிடமும் குத்தகை உழவரிடமும் இருக்கிறது. சங்கம் யாருக்காகத் தோன்றியதோ அவர்களே கணக்கின் கடைமடையில் நிற்கிறார்கள். முறிவு எந்தக் கட்டத்தில் நேருகிறது என்பதும் முக்கியம். செயலியைத் திறக்கும்போது முறிந்தால் மீண்டும் திறக்கலாம். தவணைப் பணம் கட்டும் தருணத்தில் முறிந்தால், பணம் போயிற்றா இல்லையா என்று தெரியாமல் அங்கத்தினர் இரண்டாம் முறையும் கட்டிவிடக் கூடும். இரண்டையும் ஒரே எண்ணாகக் கூட்டுவது நியாயம் அன்று.

நிர்வாகக் குழு கேட்க வேண்டியவை

அடுத்த கூட்டத்தில் முறிவுக் கணக்கு வாசிக்கப்படும்போது, அங்கத்தினர் தயங்காமல் பின்வரும் கேள்விகளைக் கேட்கலாம்.

1. இந்தச் சதவிகிதம் ஆட்களைக் கொண்டு வகுத்ததா, திறப்புகளைக் கொண்டு வகுத்ததா?

2. புதிய கைப்பேசி, பழைய கைப்பேசி என்றும், தமிழ், ஆங்கிலம் என்றும், செயலிப் பதிப்பு வாரியாகவும் கணக்குத் தனித்தனியே எங்கே?

3. ஒவ்வொரு வகுப்பிலும் எத்தனை பேர்? சென்ற மாதத்தைவிட எந்த வகுப்பு சுருங்கியது?

4. செயலியை நீக்கியவர் எத்தனை பேர்? அவர்களுள் எவரையேனும் நேரில் கண்டு காரணம் கேட்டோமா?

5. பணம் கட்டும் கட்டத்தில் நேர்ந்த முறிவுகள் எத்தனை? அவை பேரேட்டோடு ஒப்பிடப்பட்டனவா?

6. மிகவும் பாதிக்கப்பட்ட வகுப்பாருக்குச் செயலி சீர்படும் வரையில், சங்க அலுவலகத்தில் கைப்புத்தக வசதி தொடருமா?

ஆறாவது கேள்வியே எல்லாவற்றிலும் தலையாயது. முதல் ஐந்துக்கும் விடை காண்பது, அதற்குச் சரியான விடை தருவதற்காகவே. செயலி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அது கடைக்கோடி அங்கத்தினர் கையில் திறக்கும் நாள்வரையில் பேரேட்டை மூடலாகாது என்றே சொல்கிறோம். ஓர் அங்கத்தினருக்கு ஒரு வாக்கு என்பது நமது இயக்கத்தின் அடிப்படை. அந்தச் சமத்துவம் வாக்குச் சீட்டோடு நின்றுவிடாமல் முறிவுக் கணக்கிலும் நிலவ வேண்டும்.

தலைமடையில் தண்ணீர் புரண்டோடுவதைப் பார்த்து எவரும் கால்வாய் நிறைந்தது என்று எழுதிவிடுவதில்லை. கடைசி வயலின் மடையில் நின்று, கால் நனைந்த பிறகே எழுதுகிறார்கள். நமது சங்கங்களின் புதிய கணக்கையும் அங்கே நின்றே எழுதுவோமாக.